சோற்றில் போட்ட வரம்பு

மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டு ஆட்கள் எழும்பிப் போன பின்னேரம் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். மகளின் வாப்பா வாசலில் நின்று யாரோடோ போனில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளும் தனியே சிரிக்கத்தான் போயிருப்பாள். நான் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவப் போட்டுவிட்டுக் குசினியில் அப்படியே நின்றேன். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. குடும்பமும் நல்ல குடும்பம். ஒரு குறை சொல்ல இல்லை. என் மண்டைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: கலியாணத்தன்று மாப்பிள்ளையின் உம்மாவோடு ஒரே சஹனில் நான் கை வைக்கவேண்டும்.

எங்கள் ஊர்களில் கலியாணச் சோறு தனித்தனித் தட்டில் வராது. பெரிய வட்டமான சஹனில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியும் கோழியும் வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து கையால் தின்பது. அவரவர் தமக்கு முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து தின்றுகொண்டு நடுவுக்கு வருவோம். கடைசியில் ஆறு கையும் ஒரே இடத்தில் வந்து சேரும். அல்லாஹ்வின் பரக்கத்தே அதில்தான் என்பார்கள். பெண்களின் பக்கத்தில் முதல் சஹன் இரண்டு உம்மாமாருக்கும் உரியது. பெண்ணின் உம்மா அதில் இருக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்கு மரியாதை தரவில்லை என்று எடுப்பார்கள். இருந்து, அந்த மனிசி என் கையைக் கண்டு முகம் சுளித்து எழும்பிவிட்டால், அதை என் மகள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் பின்னால் ஓர் அறை இறக்கிக்கொண்டு நாங்கள் அதற்குள் போகப்போகிறோம். மருமகனுக்கு நான்தான் சமைக்கப்போகிறேன். இந்தக் கையால்.

கையைப் பற்றிச் சொல்லவேண்டும். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்குக் கீழே சின்னப் பிள்ளைகள். அவர்களுக்குச் சமைப்பதும் துவைப்பதும் என் தலையில் விழுந்தது. சவுக்காரத்தூள் தண்ணீருக்குள்ளேயே கை கிடந்த அந்தக் காலத்தில் விரல் இடுக்கில் சொறியவைக்கும் கடி தொடங்கியது. பிறகு உள்ளங்கை வெடித்தது. தோல் தடித்து, செதில் செதிலாக உரிந்து, சில இடத்தில் இரத்தம் கசியும். மாரியில் கொஞ்சம் ஆறும். கோடையில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் திரும்ப வெடிக்கும். இப்போது ஒரு தேத்தண்ணிக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறேன். கொதித்த தண்ணீர் ஊற்றி மா குழைக்கிற வேலை கைக்கு ஆகாது என்று எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக்கில் ஒரு சிங்கள டொக்டர் இருந்தார். தன் வெறும் கையால் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தொத்திற வருத்தம் இல்ல அம்மா, பயம் வேணாம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அதுவும் நடந்ததுதான். ஆனால் அந்த டொக்டரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர நான் முயற்சி எடுக்கவேண்டியிருக்கிறது. மற்ற முகம் கூப்பிடாமலே வருகிறது.

மற்ற முகம் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு ராத்தாவுடையது. மூத்த பெண்களை நாங்கள் ராத்தா என்போம். சத்தமாகக் கதைப்பவர். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். யாருக்காவது சுகமில்லை என்றால் முதல் ஆளாகக் கஞ்சி கொண்டு போவார். மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டில் ஒரு கலியாணம். பந்தலுக்குள் பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டுச் சஹன் வைத்தார்கள். எனக்கு நேர் எதிரே அந்த ராத்தா. என் வலப்பக்கம் என் கூடப்பிறந்த காக்காவின் பெண்சாதி, மதினி. மகள் எனக்குப் பின்னால் இருந்து என் முதுகில் சாய்ந்துகொண்டு வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்தாள்.

நான் பிஸ்மி சொல்லிக் கையைச் சோற்றில் வைத்தேன்.

"என்னகா கையில?" என்றார் அந்த ராத்தா.

"ஒண்டுமில்ல ராத்தா. சவுக்காரம் ஒத்துக்கொள்ளல்ல."

"உரியுதே புள்ள. சோத்துக்குள்ள விழாதா?"

நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் சஹனுக்குக் குறுக்கே கையை நீட்டி, சோற்றில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு என்று சொன்னால் போதாது. இரண்டு பக்கமும் சோற்றை ஒதுக்கி உயர்த்தி, வயலில் வரம்பு கட்டுவதுபோலக் கட்டி, என் பக்கத்தை வேறாக்கினார்.

"அவக்கு அது போதும்தானே. நாம இஞ்சால தின்னுவம்."

யாரோ சிரித்தார்கள். மதினி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து தின்றுகொண்டிருந்தார். நான் எழும்பவில்லை. எழும்பினால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள். வரம்புக்கு இந்தப் பக்கத்தில் கிடந்த சோறு முழுவதையும் தின்று முடித்தேன். மிச்சம் வைத்தால் அதை யாரும் தொடாமல் சஹன் திரும்பிப் போவதைப் பார்க்கவேண்டி வருமே என்ற பயம்.

அவ்வளவுதான் நடந்தது. பக்கத்துச் சஹனுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் அதற்குப் பிறகு நான் ஒரு சஹனிலும் இருக்கவில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் நேரே அடுப்படிக்குப் போவேன். சுன்னத்தான நோன்பு என்பேன். சீனி கூடிவிட்டது என்பேன். வெங்காயம் உரிக்கிறவர்களோடு நின்று உரித்துவிட்டு, ஒரு பீங்கானில் சோறு வாங்கி மூலையில் நின்று தின்றுவிட்டு வருவேன். இடியப்பத்துக்கு மா குழைக்கும்போது கையில் சொப்பிங் பேக்கைக் கட்டிக்கொள்ளப் பழகினேன். கடைக்காரர் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு விடியலும் பயந்தேன்.

இடியப்ப உரலைப் பிழியும்போதுதான் அந்தக் குரல் வரும். "உரியுதே புள்ள." வந்தவுடன் முகம் சுடும், காது சுடும், அன்றைக்கு எப்படிச் சுட்டதோ அதே மாதிரி. வருடங்கள் போனால் ஆறும் என்பார்கள். எனக்கு அது வளர்ந்தது. முதலில் ஒருவர்தான் சிரித்தார். சில வருடங்களுக்குப் பிறகு ஆறு பேரும் சிரித்தார்கள். இன்னும் சில வருடத்தில் பந்தல் முழுக்கச் சிரித்தது. நான் சொல்லியிருக்கவேண்டிய பதில்களும் வளர்ந்தன. ஒவ்வொன்றும் நல்ல பதில், அந்த மனிசி வாயடைத்துப் போகிற மாதிரி. இடியப்பத் தட்டுக்கு முன்னால் நான் பெரிய பேச்சுக்காரி.

மதினியையும் நான் மன்னிக்கவில்லை. அந்த ராத்தா யாரோ. இவர் என் சொந்தக் காக்காவின் பெண்சாதி. பக்கத்தில் இருந்தும் வாய் திறக்கவில்லையே. பெருநாளைக்குப் போவேன், வருத்தம் பார்க்கப் போவேன், அதோடு சரி. காக்கா கேட்டால் வேலை என்பேன்.

பிறகு அந்த ராத்தா மௌத்தானார். திடீர் மௌத்து. ஜனாஸா வீட்டில் பெண்களோடு நானும் இருந்து யாசீன் ஓதினேன். ஓத ஓத அவரைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தேன், எனக்கு ஞாபகம் வந்தது சஹனுக்குக் கீழே விரித்த வெள்ளைத் துணி. அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லிச் சொல்லி விரட்டினேன். போகவில்லை. மையித்தைத் தூக்குமுன் அவருடைய மகன் வாசலில் நின்று, "உம்மா யாருக்காவது ஏதாவது சொல்லியிருந்தா, செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக் குடுங்க" என்று அழுதுகொண்டு கேட்டார். எல்லாரும் "மன்னிச்சம், மன்னிச்சம்" என்றார்கள். நானும் சொன்னேன். வாய் சொன்னது. வீட்டுக்கு வந்து கை கழுவும்போது திரும்பவும் அதே குரல். மௌத்தானவரிடம் நியாயம் கேட்கவும் முடியாது. இனி அந்தப் பேச்சு எனக்கு மட்டும் சொந்தம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மகளின் கலியாணத்துக்கு நாள் பார்த்தோம். மகளின் வாப்பா சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவர். வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு நின்றவரிடம் ஒரு நாள் மெதுவாகத் தொடங்கினேன்.

"இஞ்ச பாருங்க, கலியாணத்தண்டைக்கு எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவமா?"

"எந்தக் காய்ச்சல்?"

"ஏதாவது ஒண்டு."

"கலியாணத்துக்கு இன்னும் மாசக்கணக்கில கிடக்கு. நீ இப்பவே காய்ச்சலுக்கு நாள் குறிச்சிட்டாயா?"

"என்ட கை."

"உன்ட கையால நான் தின்னாத சோறா? எனக்கு என்ன நடந்த?"

"நீங்க வேற."

"ஓம், நான் வேறதான். சேத்துக்குள்ள நிக்கிறவன். எனக்குத் தொத்தாது." சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "அந்த மனிசி மௌத்தாகி எத்தின வருசம். நீ இன்னும் அவவோட சஹன்ல இரிக்காய். எழும்புகா."

எழும்பத் தெரிந்தால் எழும்பியிருக்கமாட்டேனா. அவர் சொன்னதில் பிழை இல்லை. பிழை இல்லாத புத்தி எனக்கு எப்போதும் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போய்விடுகிறது.

கையை ஆற்றப் பார்த்தேன். ஆஸ்பத்திரி களிம்பு, கடைக் களிம்பு, தேங்காயெண்ணெய், வேப்பிலைத் தண்ணீர், யாரோ சொன்ன யூனானி எண்ணெய். கடைக்கு இடியப்பம் கொடுப்பதைக்கூடக் கொஞ்ச நாள் நிறுத்தினேன். கவலை கூடக் கூடக் கடி கூடியது. கடி கூடக் கூடச் சொறிந்தேன். கலியாணம் கிட்ட வந்தபோது வலது கையின் பெருவிரலடி முழுக்க வெடித்துச் சிவந்து கிடந்தது. தொழுதுவிட்டுக் கையேந்தினால் கண்ணுக்கு முன்னால் கைதான் தெரிந்தது. ரப்பே, மற்ற எதையும் நான் கேட்கவில்லை, அந்த ஒரு நாளைக்கு மட்டும் இதை ஆற்றிக் கொடு என்று கேட்டேன். வேறு துஆ எனக்கு மறந்துபோனது.

கலியாணத்துக்குப் பலகாரம் சுட மதினி வந்தார். கூப்பிடாமல் இருக்க முடியாது, மாமி இல்லாமல் மருமகளுக்குக் கலியாணமா. நான் இரண்டு கையிலும் சொப்பிங் பேக்கைக் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அந்தப் பேக்கக் கழட்டுகா. எண்ணெயில உருகி ஒட்டினா கலியாணத்துக்கு உன்ன ஆஸ்பத்திரியிலதான் வந்து பாக்கணும்."

"இரிக்கட்டும் மதினி."

இன்னும் இரண்டு சட்டி பலகாரம் சுட்டெடுத்தோம். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. "மதினி, முதல் சஹன்ல எனக்குப் பதிலா நீங்க இரிக்கிறீங்களா?"

"நான் ஏன் இரிக்க? பொண்ணுட உம்மா நானா?"

"அண்டைக்கு நடந்தத மறந்திட்டீங்களா?"

"எண்டைக்கு?"

சொன்னேன். பக்கத்து வீட்டுக் கலியாணம், கடைசி வீட்டு ராத்தா, வரம்பு. மதினி பலகாரத்தை எண்ணெயிலிருந்து கோரி எடுத்து வடியவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓ, அதுவா. அதுக்கென்ன? நான்தானே அந்த வரம்ப உடைச்ச."

"என்ன?"

"வரம்ப உடைச்சி, உன்ட பக்கத்துச் சோத்த அள்ளி அள்ளித் திண்ட நான். அவட மூஞ்சியப் பாத்துப் பாத்துத் திண்ட. வயிறு வெடிக்கிற மாதிரி. ஊட்ட போய் உன்ட காக்காக்கிட்ட ஏச்சும் வாங்கின, ஊருல இல்லாத பகையத் தேடிட்டு வந்தாயாண்டு. அவ மறுகா பெருநாளைக்கும் எங்கட ஊட்டுக்கு வரல்லயே."

"நீங்க குனிஞ்சி திண்டுக்கிட்டிருந்தீங்க. எனக்கு நல்லா ஞாபகம்."

"ஓம். உன்ட சோத்தத்தான்."

நான் சட்டியைப் பார்த்தேன். பலகாரம் கருகத் தொடங்கியிருந்தது. மதினி என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி அதையும் கோரி எடுத்தார். பிறகு, குரலை இறக்கிக் கேட்டார்.

"அதுக்காகவா இவ்வளவு காலமும் எங்கட ஊட்டுப் பக்கம் வராம இரிந்த நீ?"

நான் கையில் கட்டியிருந்த பேக்கின் முடிச்சை இறுக்கினேன்.

"யா அல்லாஹ். நான் நினச்சிக்கிட்டிருந்த, காணி பிரிச்ச விசயத்துல கோவமாக்கும் எண்டு."

மதினி பொய் சொல்கிறவர் இல்லை. அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் அவர் போன பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சஹனை எத்தனையோ தடவை பார்த்தேன். ராத்தாவின் விரல் வருகிறது. அதில் இருந்த மோதிரம் வருகிறது. சோறு இரண்டு பக்கமும் ஒதுங்குகிறது. மதினியின் கை வரவேயில்லை. எனக்காக ஒருவர் பகையைத் தேடிக்கொண்டு, வயிறு வெடிக்கத் தின்றிருக்கிறார், என் விலாவோடு விலா உரசிக்கொண்டு. அதை என் மண்டை எடுத்து வைக்கவே இல்லை. குப்பையை எல்லாம் கழுவித் துடைத்து வைத்திருக்கிறது. இத்தனை வருடம் நான் ஆளைப் பிழையாகப் பகைத்திருக்கிறேன். இது தெரிந்தபிறகாவது மனம் இலேசாகும் என்று பார்த்தேன். பயம் கூடியது. இப்படிப்பட்ட மண்டையை வைத்துக்கொண்டு நான் எதை நம்புவது?

கலியாண நாள் வந்தது. காய்ச்சல் வரவில்லை. வந்திருந்தாலும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து இறங்கி, பேசினில் கை கழுவி, பாயில் இருந்தார்கள். சம்பந்திக்கு முழங்கால் வருத்தம். ஒரு காலை நீட்டிக்கொண்டு, மூச்சு வாங்க எனக்கு எதிரே இருந்தார். மதினி சொல்லாமலே வந்து என் வலப்பக்கத்தில் இருந்துகொண்டார். சஹனை மூடியிருந்த மூடியைத் திறந்தார்கள். ஆவி எழும்பியது. என் பக்கத்துச் சோற்றில் ஒரு கரண்டி குத்தி நின்றது.

ஆறு பக்கத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் கரண்டி.

"இது யாருக்குக் கரண்டி?" என்று சம்பந்தி கேட்டார்.

மதினி என்னைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கணத்தில் நான் ஓடிப்போகக்கூடிய எல்லா வழியும் எனக்குத் தெரிந்தது. எழும்பி அடுப்படிக்குப் போகலாம். மயக்கம் வருகிறது என்று சாயலாம். நடு அறைக்குள் நகையும் பூவுமாக மகள் இருந்தாள். நான் எழும்பினால் அவளுக்கு அடுத்த நிமிடமே செய்தி போகும்.

"எனக்குத்தான் ராத்தா," என்றேன். "கையில தோல் வருத்தம். தொத்தாது. டொக்டர் சொன்ன."

"அப்பிடியா," என்றார் அவர்.

அவ்வளவுதான். பிறகு பக்கத்தில் இருந்த தன் தங்கச்சியிடம் திரும்பி, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். எல்லாரும் தின்னத் தொடங்கினார்கள். நான் கரண்டியால் தின்றேன். ஐந்து பேரின் கையும் சத்தமில்லாமல் போய்வந்தது. என் கரண்டி மட்டும் சஹனில் பட்டு டிக் டிக் என்றது. நான் மெதுவாக எடுத்தேன், அப்படியும் டிக். என்ன இறைச்சி, என்ன பச்சடி, எதுவும் எனக்குத் தெரியாது. பந்தலில் ஆயிரம் சத்தம் இருந்திருக்கும். எனக்குக் கேட்டது அது ஒன்றுதான்.

கரண்டியை வைத்தது யார் என்று மதினியிடம் கேட்டேன். "உன்ட மகளுக்கிட்டக் கேளு" என்றார். கேட்கத் தைரியம் வர நாள் எடுத்தது. மகள் அலுமாரிக்குள் உடுப்பு மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மாமிக்கிட்டச் சொன்ன உம்மா. மாமி ஏலாதெண்டுதான் சொன்ன. நான் விடல்ல."

"ஏன் மகள்?"

"நீங்க கை வைக்க ஏலாம எழும்பிப் போயிருவீங்களோண்டு பயந்த." கையில் இருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். "சின்ன வயசுல ஒரு கலியாணத்துல நான் உங்கட முதுகுல சாஞ்சிக்கிட்டிருந்தன். உங்கட முதுகு நடுங்கின. கன நேரம் நடுங்கின. வேற ஒண்டும் எனக்கு ஞாபகமில்ல. யாரு என்ன சொன்னாண்டும் தெரியா. முதுகு மட்டும்தான்."

ஒரு சஹன், ஒரு நேரத்துச் சோறு. மதினியிடம் இருப்பது தின்ற வயிறு. மகளிடம் இருப்பது என் முதுகு. என்னிடம் இருப்பது கோடு இழுத்த ஒரு விரல். நான் என் கையை மறைத்துக்கொண்டு திரிந்த காலமெல்லாம் என் மகள் என் முதுகைச் சுமந்துகொண்டு வளர்ந்திருக்கிறாள். எனக்கு வந்தது எனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்திருந்தேனே. அன்றைக்கு நான் குசினிக்குப் பின்னால் போய் இருந்து அழுதேன். மருமகன் வரும் நேரம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

இப்போது பழைய குரல் குறைந்துவிட்டது. "உரியுதே புள்ள" அபூர்வமாகத்தான் வருகிறது. அந்த இடத்தில் "அப்பிடியா" வந்து குடியிருக்கிறது. மா குழைக்கும்போது அப்பிடியா. வீடு கூட்டும்போது அப்பிடியா. சாதாரணமாகச் சொன்னாரா, இழுத்துச் சொன்னாரா? சொல்லும்போது கண்ணைக் கீழே போட்டாரா? மின்விசிறியைத் திருப்பச் சொன்னது புழுக்கத்துக்கா, என் பக்கத்துக் காற்று தன் பக்கம் வராமலிருக்கவா? சம்பந்தி மகளுக்கு அனுப்பும் குரல் மெசேஜை அவள் போட்டுக் கேட்கும்போது நான் குசினியிலிருந்து காதைத் தீட்டிக்கொள்கிறேன், அதில் எங்காவது "அப்பிடியா" வருகிறதா, வந்தால் அது எப்படி வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க. வந்தது. கத்தரிக்காய் விலைக்குச் சொன்னார். அது வேறு மாதிரி இருந்தது. அல்லது ஒரே மாதிரி இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

மருமகன் நான் சமைத்ததைத்தான் தின்கிறார். ஒரு நாள் என்னவோ நல்லதாகச் சொன்னார் என்று மகள் சொல்கிறாள், நானும் பக்கத்தில் நின்றேனாம். என்ன சொன்னார் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மூன்றாம் தடவை கேட்க வெட்கமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை சம்பந்தி பகல் சோற்றுக்கு வந்திருந்தார். ஆண்கள் ஜும்ஆவுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் மூன்று பேர்தான். மகள் மூன்று பீங்கான் எடுக்கப் போனாள்.

"என்னத்துக்கு மகள் வேற வேற பீங்கான்?" என்றார் சம்பந்தி. "ஒரு சஹன்ல போடு. கழுவுறதும் லேசு."

மகள் என்னைப் பார்த்தாள். சஹனில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். மற்றக் கையில் ஒரு கரண்டி. அதைச் சோற்றில் குத்தவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண்ணில் இருந்தது அந்தச் சின்னப் பிள்ளையின் பயம், முதுகு இப்போது நடுங்கப்போகிறது என்று.

"கரண்டி வேணாம் மகள்," என்றேன். "உள்ள வச்சிட்டு வந்து இரி."

சொன்ன பிறகு நான் திரும்ப எடுக்க முடியாது. பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன். சோறு சுட்டது, வெடிப்புக்குள் எரிந்தது. முதுகு எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. சம்பந்தி முழங்காலைக் கொஞ்சம் நகர்த்தினார். வலியாலா, வேறு எதனாலா? நான் தலையைத் தூக்கவில்லை. சோற்றை மட்டும் பார்த்தேன். என் பக்கத்தில், என் விரல் பட்ட சோற்றோடு ஒட்டிக்கொண்டு ஓர் உருளைக்கிழங்குத் துண்டு கிடந்தது. அவருடைய கை இந்தப் பக்கம் வந்தது. அந்தக் கிழங்கை எடுத்தது. வாயில் போட்டு மென்றுகொண்டே, மழை வருமா என்று கேட்டார்.

கிழங்கு விருப்பமாக இருக்கலாம். கவனிக்காமல் எடுத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் எடுத்தார், தின்றார். மகளும் பார்த்தாள்.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. எட்டாம் வகுப்புக்குப் பிறகு கடைச் சாமானுக்குத்தான் பேனை பிடித்திருக்கிறேன். இதை எழுதுவதற்குக் காரணம் அந்தக் கிழங்கு. என் மண்டையை எனக்குத் தெரியும். மதினி தின்ற சோற்றை அது எறிந்த மாதிரி இதையும் எறிந்துவிடும். நகர்த்திய முழங்காலை வைத்துக்கொள்ளும். இன்று விடிய மா குழைக்கும்போது அந்தக் கை வந்ததை நினைத்துப் பார்த்தேன். வலது கையா, வளையல் போட்டிருந்தாரா, கிழங்கு எந்தப் பக்கம் கிடந்தது, ஒன்றும் தெளிவாக இல்லை. முழங்கால் நகர்ந்த சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. மாவை மூடி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.